முதுநிலையோடு சேர்ந்த நான்காண்டு உயிரியல் பட்டம்: மொரீஷியஸ் மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யின் முடிவு வருவதும் தைப்பூசக் காவடிக்கு வீட்டில் உறவினர் கூடுவதும் பெரும்பாலும் அடுத்தடுத்து நடக்கும். ‘அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?’ என்று ஆளுக்கு ஆள் கேட்கும் நேரம் அது. உயிரியலில் நாட்டமுள்ள பிள்ளைகள் பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் பாடப் பட்டியலைப் பார்த்தால் ஒரே பாடம் இரண்டு வடிவில் இருக்கும்: மூன்றாண்டு பி.எஸ்சி., நான்காண்டு எம்.பயோல். எதில் சேர்வது, கூடுதல் ஓராண்டில் என்ன கிடைக்கும், எவ்வளவு செலவாகும், ஊர் திரும்பினால் அதற்கு மதிப்பு உண்டா என்று எங்களிடம் வரும் கேள்விகளுக்குக் கீழே பதில் தருகிறோம்.

ஒருங்கிணைந்த முதுநிலை என்றால் சரியாக என்ன?

இளநிலையையும் முதுநிலையையும் ஒரே சேர்க்கையில், இடைவெளியில்லாமல் முடிக்கும் படிப்பு. பிரிட்டனில் ஓராண்டுப் படிப்பு 120 கிரெடிட். மூன்றாண்டு பி.எஸ்சி. ஆனர்ஸுக்கு 360, நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்புக்கு 480. கடைசி 120 கிரெடிட்டாவது ‘நிலை 7’ என்னும் முதுநிலைத் தரத்தில் இருக்க வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு ஏறத்தாழ 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. வகுப்பு, ஆய்வகம், வீட்டில் படிப்பது, எழுதுவது எல்லாம் இதில் அடங்கும். நான்காம் ஆண்டு ஆய்வுத் திட்டத்துக்கு 60 கிரெடிட் என்று போட்டிருந்தால், அதற்காக 600 மணி நேரம் உழைப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறார்கள்.

மூன்று ஆண்டுகளும் பி.எஸ்சி. மாணவர்களோடு அதே வகுப்பறையில் அதே பாடம்தான். வித்தியாசம் நான்காம் ஆண்டில் தொடங்குகிறது. அந்த ஆண்டில் விரிவுரை குறைந்து, ஆய்வுதான் முக்கிய வேலையாகிறது. ஆகவே இதை ‘பட்டத்துக்கு இன்னும் ஒரு வருடம்’ என்று எண்ண வேண்டாம். ஆய்வாளராக வாழ முடியுமா என்று உங்களை நீங்களே சோதித்துப் பார்க்கும் ஓராண்டு அது. சேர்வதா வேண்டாமா என்பதையும் அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

எம்.பயோல், எம்.சை, எம்.பயோல்.சை: இவற்றில் எது உயர்ந்தது?

எதுவும் உயர்ந்ததில்லை. மூன்றும் ஒருங்கிணைந்த முதுநிலைப் பட்டத்தின் பெயர்கள்தான்; பெயர் வைப்பது பல்கலைக்கழகத்தின் விருப்பம். ஸ்காட்லாந்தில் இளநிலையே நான்காண்டு என்பதால் ஒருங்கிணைந்த படிப்பு பொதுவாக ஐந்தாண்டு ஆகும். கட்டணம் கணக்கிடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

பெயரைவிடப் பாடக் குறிப்பில் பார்க்க வேண்டியது வேறு இருக்கிறது: நான்காம் ஆண்டில் ஆய்வுத் திட்டத்துக்கு எத்தனை கிரெடிட்? 30 மட்டும் கொடுத்துவிட்டு மீதியை விரிவுரைப் பாடங்களால் நிரப்பும் படிப்பும் உண்டு. 60, 90 என்று கொடுப்பவையும் உண்டு. ஆய்வுக்காகவே சேர்பவருக்கு 60-க்குக் கீழே என்றால் அந்த நான்காம் ஆண்டு பணத்துக்கு ஈடாகாது என்பது எங்கள் கருத்து.

எச்.எஸ்.சி.யில் என்ன பாடங்கள் வேண்டும்?

உயிரியல் முதன்மைப் பாடமாக வேண்டும். கூடவே இன்னொரு அறிவியல் அல்லது கணிதம். வேதியியலை விட்டுவிட்டு உயிரியலையும் புவியியலையும் மட்டும் வைத்துக்கொண்டால் சூழலியல் பிரிவுகள் சில ஏற்றுக்கொள்ளும். மூலக்கூறு உயிரியல், உயிர்வேதியியல் பக்கம் போகும் வழி பெரும்பாலும் அடைபடும். முடிந்தால் உயிரியல், வேதியியல், கணிதம் மூன்றையும் எடுங்கள். முதலாண்டிலேயே புள்ளியியல் வரும். கணிதத்தை எஸ்.சி.யோடு (எச்.எஸ்.சி.க்கு முந்தைய தேர்வு) நிறுத்திவிட்டு வந்த பிள்ளைகள் அந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

கேம்பிரிட்ஜ் உயிரியல் தேர்வில் மூன்றாம் தாள் செய்முறை, ஐந்தாம் தாள் ஆய்வைத் திட்டமிட்டுத் தரவை அலசுவது. பலர் நான்காம் தாளுக்கே நேரத்தையெல்லாம் கொடுத்துவிட்டு ஐந்தாம் தாளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் நீங்கள் நான்கு ஆண்டுகள் செய்யப்போவது அந்த ஐந்தாம் தாளின் வேலைதான்: எதை மாற்றுவது, எதை மாறாமல் வைப்பது, எத்தனை முறை திரும்பச் செய்வது.

தமிழை முதன்மைப் பாடமாக எடுத்தால் பாதகமா?

இல்லை. தேவையான இரண்டு அறிவியல் பாடங்கள் கையில் இருந்தால், மூன்றாவது எதுவானாலும் பரவாயில்லை என்று சொல்லும் உயிரியல் படிப்புகள் நிறைய. மூன்றாவதும் அறிவியலாகவே இருக்க வேண்டும் என்று சில இடங்கள் கேட்கும். தாய்மொழிப் பாடத்தைக் கணக்கில் எடுப்பதற்குத் தனி விதி வைத்திருக்கும் இடங்களும் இருக்கலாம். தமிழ் வேண்டும் என்று முடிவு செய்திருந்தால், விண்ணப்பிக்கும் ஐந்து இடங்களுக்கும் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தகுதிக்கும் அதே வழி: எஸ்.சி. ஆங்கில மதிப்பெண் போதுமா, ஐ.இ.எல்.டி.எஸ். எழுத வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

நம் தேர்வு அக்டோபர்–நவம்பரில். அவர்கள் கல்வியாண்டு செப்டம்பரில். எப்போது விண்ணப்பிப்பது?

இந்த இடைவெளி நமக்குச் சாதகமானது. பிரிட்டன் மாணவர்களுக்கு ஏ லெவல் முடிவு ஆகஸ்டில்தான் வரும். அதுவரை இடம் உறுதியில்லை. நம் முடிவு ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், நிபந்தனையோடு கிடைத்த இடம் நமக்குச் சில மாதங்கள் முன்பே உறுதியாகிவிடும். விசாவுக்கும் விடுதிக்கும் அந்த நேரம் பெரிய உதவி.

சேர நினைக்கும் செப்டம்பருக்கு முந்தைய ஆண்டின் ஆகஸ்டில், எச்.எஸ்.சி.யின் கடைசி ஆண்டான அப்பர் சிக்ஸில் இருக்கும்போதே, யூகாஸ் (பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பொதுத் தளம்) கணக்கைத் திறந்து, பரிந்துரை எழுதப்போகும் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் கடைசி நாள் அக்டோபர் 15. நம் தேர்வு நடக்கும் காலம் அது என்பதால், செப்டம்பருக்குள் எழுதி முடிக்காவிட்டால் இரண்டும் கெடும். மற்ற இடங்களுக்குக் கடைசி நாள் ஜனவரியில் வரும். அந்தத் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகர்வதால் யூகாஸ் தளத்தில் சரிபாருங்கள். அதற்குள் வந்த விண்ணப்பங்களை எல்லாம் சமமாகப் பார்ப்பார்கள். பிறகு ஜூன் 30 வரை அனுப்பலாம்; ஆனால் இடம் மிஞ்சியிருக்கும் படிப்புக்கு மட்டும்.

ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். சுய அறிக்கை 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளுக்கான பதிலாக மாறிவிட்டது. மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. ‘சிறுவயது முதலே இயற்கை மீது ஆசை’ என்று தொடங்கினால் அந்த 4,000-இல் முதல் வரி வீணாகிவிடும். படித்த ஒரு கட்டுரை, பார்த்த ஓர் உயிரினம், அதிலிருந்து எழுந்த ஒரு கேள்வி என்று எழுதுங்கள். வேறு நாட்டு மாணவருக்கு எளிதில் கிடைக்காத செய்தி நம் கையிலேயே இருக்கிறது. மொரீஷியஸ் வல்லூறு 1974-இல் காட்டில் நான்கே நான்கு என்ற நிலைக்கு வந்து பிழைத்தது. இளஞ்சிவப்புப் புறா எண்ணிக்கையில் மீண்டு வந்தும், அதன் மரபணு வளம் தொடர்ந்து கரைகிறது என்று ஆய்வாளர்கள் 2022-இல் எச்சரித்தார்கள். ‘எண்ணிக்கை கூடினால் இனம் காப்பாற்றப்பட்டுவிட்டதா?’ என்ற ஒரு கேள்வியை வைத்தே நல்ல அறிக்கை எழுதலாம்.

விண்ணப்பத்தில் மூன்றாண்டுக் குறியீட்டைப் போடுவதா, நான்காண்டா?

தயக்கம் இருந்தால் நான்காண்டைப் போடுங்கள். நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்குவது எளிது. பல இடங்களில் மூன்றாம் ஆண்டு வரைக்கும் ஒரு படிவம் போதும். மூன்றிலிருந்து நான்குக்கு ஏற இரண்டாம் ஆண்டு மதிப்பெண் பார்ப்பார்கள். பெரும்பாலும் 55 முதல் 60 விழுக்காடு கேட்பார்கள். சில இடங்களில் இடமும் குறைவு. நமக்கு விசாவும் ஒரு காரணம். மூன்றாண்டுக்கு வாங்கிய மாணவர் விசாவை நான்காண்டாக்கப் பல்கலைக்கழகத்திடமிருந்து புதிய காஸ் எண் (சேர்க்கையை உறுதிசெய்யும் எண்), புதிய விண்ணப்பம், புதிய கட்டணம் எல்லாம் தேவைப்படும்.

ஒரு விதிவிலக்கு: நான்காண்டுக்கு அவர்கள் கேட்கும் மதிப்பெண் மூன்றாண்டுக்குக் கேட்பதைவிட ஒரு படி அதிகமாக இருந்து, உங்கள் கணிப்பு மதிப்பெண் விளிம்பில் இருந்தால், மூன்றாண்டில் நுழைந்து பிறகு மாறுவது நல்லது. உதவித்தொகையில் போகிறவர்கள் அது எத்தனை ஆண்டுகளை ஏற்கும் என்று கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும். இடையில் படிப்பின் நீளத்தை மாற்ற உதவித்தொகை தருபவர் சம்மதிக்க வேண்டியிருக்கும்.

முதல் மூன்று ஆண்டுகளில் என்ன படிப்பார்கள்?

முதலாண்டில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்: செல், மரபியல், பரிணாமம், தாவரம், விலங்கு, சூழலியல், புள்ளியியல். பல இடங்களில் இந்த ஆண்டின் மதிப்பெண் இறுதித் தரத்தில் சேராது, தேறினால் போதும். இரண்டாம் ஆண்டிலிருந்து சேரும். மூன்றாம் ஆண்டில் விருப்பப் பாடங்களும் ஒரு சிறு ஆய்வும் இருக்கும்.

தரம் பிரிப்பது இப்படி: 70-க்கு மேல் முதல் வகுப்பு, 60 முதல் 69 வரை மேல் இரண்டாம் வகுப்பு, 50 முதல் 59 வரை கீழ் இரண்டாம் வகுப்பு. எச்.எஸ்.சி.யில் 90 வாங்கிய பிள்ளை 64 வாங்கினால் வீட்டில் பதறுகிறார்கள். பதற வேண்டாம். அது நல்ல மதிப்பெண். 80-ஐத் தாண்டுவது அங்கே அபூர்வம். நான்காம் ஆண்டில் தேர்ச்சிக் கோடே பல இடங்களில் 40-இலிருந்து 50-க்கு ஏறும்.

ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் தரவு அலசும் பழக்கம் முதலாண்டிலேயே தொடங்கும். அதை ஒப்புக்குச் செய்து கடந்தவர்கள் நான்காம் ஆண்டில் மாதக்கணக்கில் நேரத்தை இழக்கிறார்கள்.

நான்காம் ஆண்டு ஆய்வுக்கு வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மூன்றாம் ஆண்டின் நடுவில் துறை ஒரு பட்டியல் தரும். தலைப்பு கவர்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட இந்த நான்கைக் கேளுங்கள். அன்றாடம் ஆய்வகத்தில் என் பக்கத்தில் நின்று சொல்லித்தரப் போவது யார்? பேராசிரியரா, முனைவர் பட்ட மாணவரா? அந்த மாணவர் அந்த ஆண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தால் உங்களுக்கு நேரம் ஒதுக்க முடியாது. இரண்டாவது, முறை ஏற்கெனவே அந்த ஆய்வகத்தில் ஓடுகிறதா, நீங்கள்தான் முதலில் நிறுவ வேண்டுமா? நிறுவுவதென்றால் ஆறு மாதமும் அதற்கே போகும். மூன்றாவது, ஆய்வு தோற்றால் எழுத என்ன மிஞ்சும்? பழைய தரவு கொஞ்சம் கையிருப்பில் உள்ள ஆய்வகம் பாதுகாப்பானது. நான்காவது, முந்தைய ஆண்டு மாணவரோடு பேச விடுவாரா? தயங்கும் வழிகாட்டியிடம் போக வேண்டாம்.

முதல் மின்னஞ்சல் பத்து வரிக்குள் இருக்கட்டும்: நீங்கள் யார், அவருடைய எந்த ஆய்வு உங்களை ஈர்த்தது, உங்களுக்கு என்ன முறைகள் தெரியும், எப்போது நேரில் பேசலாம். ஒரே மடலைப் பெயர் மாற்றிப் பத்துப் பேருக்கு அனுப்பினால் ஒரே துறையில் பத்துப் பேரும் அதைப் பேசிக்கொள்வார்கள்.

ஆய்வில் வழக்கமாக எங்கே தவறு நடக்கிறது?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறோம். பெரும்பாலான தோல்விகள் ஒரே சில இடங்களில்தான் நடக்கின்றன. முன்பே தெரிந்தால் தடுக்கலாம்.

ஆய்வகத்தில் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் ஒரு பகுதியை மட்டும் பல படிகளாகப் பெருக்கும் முறை) செய்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு குழாயில் மொத்தம் 25 மைக்ரோலிட்டர்: இரட்டிப்புச் செறிவுள்ள ஆயத்தக் கலவை 12.5, இரண்டு ப்ரைமர்கள் (பெருக்க வேண்டிய பகுதியைக் குறிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) ஒவ்வொன்றும் 1, தண்ணீர் 8.5, டி.என்.ஏ. 2. மாதிரி 20, ஒப்பீட்டுக்கான (கன்ட்ரோல்) குழாய் 2, ஆக 22 குழாய். புதியவர்கள் ஒவ்வொரு குழாயிலும் 1 மைக்ரோலிட்டரை 22 முறை தனித்தனியாக எடுப்பார்கள். 1 மைக்ரோலிட்டர் கண்ணுக்கே சரியாகத் தெரியாத துளி. பிப்பெட்டின் முனையில் ஒட்டிக்கொண்டால் அந்தக் குழாயில் ப்ரைமரே இருக்காது. இப்படித்தான் ஒரே தட்டில் சில மாதிரி வேலை செய்து சில வேலை செய்யாமல் போகிறது. மாணவர் அதை உயிரியல் வித்தியாசம் என்று நினைத்துவிடுவார். அதற்குப் பதில் 24 குழாய்க்குக் கணக்கிட்டு மொத்தமாகக் கலக்குங்கள்: ஆயத்தக் கலவை 300, ப்ரைமர் 24-உம் 24-உம், தண்ணீர் 204. ஆக 552 மைக்ரோலிட்டர். குழாய்க்கு 23 வீதம் பிரித்துவிட்டு, கடைசியில் டி.என்.ஏ. 2 சேருங்கள். கூடுதலாகப் போட்ட இரண்டு பங்கு முனைகளில் ஒட்டி வீணாவதற்கு.

அந்த ஒப்பீட்டுக் குழாய் இரண்டில் ஒன்றில் டி.என்.ஏ.வுக்குப் பதில் தண்ணீர் மட்டும் இருக்கும். பெருகிய டி.என்.ஏ.வைப் பட்டையாகக் காட்டும் ஜெல்லில் அந்தத் தண்ணீர்க் குழாய்க்கும் பட்டை தெரிந்தால் அன்றைய முடிவு முழுவதையும் ஒதுக்கிவைக்க வேண்டும். ‘மங்கலாகத்தானே இருக்கிறது’ என்று சேர்த்துக்கொள்ளக் கூடாது. பி.சி.ஆர். செய்து பெருக்கிய பொருளைத் திறந்த அதே மேசையில் புதிய கலவையைத் தயாரிப்பதுதான் இதற்கு வழக்கமான காரணம். மேசையைப் பிரியுங்கள், வடிகட்டி உள்ள முனைகளைப் பயன்படுத்துங்கள், வந்த அன்றே தண்ணீரையும் ப்ரைமரையும் சிறு குழாய்களில் பிரித்து உறையவையுங்கள். ஒரு குழாய் கெட்டால் அதை மட்டும் எறிந்துவிடலாம்.

வெளிக்கள ஆய்வில் தவறு வேறு மாதிரி. நம் ஊர் எடுத்துக்காட்டே சொல்லலாம். தேசிய மலரின் உறவான ட்ரோகெட்டியா பிளாக்பர்னியானா என்ற செடியில் மகரந்தச் சேர்க்கை செய்வது நீலவால் பச்சைப் பல்லி. அந்தப் பல்லி தாழைப் புதரில் ஒளிந்து வாழும். தாழையை இங்கே எல்லோரும் வக்குவா என்பார்கள். தாழைக்கு அருகிலுள்ள செடிகளில் காய் அதிகம் பிடிப்பதை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதே வகைக் கேள்வியை ஒரு மாணவர் எடுக்கிறார்: தாழைக்கு அருகில் 4 செடி, தொலைவில் 4 செடி, செடிக்கு 10 பூ. 40 பூவுக்கு 40 பூ என்று ஒப்பிட்டு அருமையான முடிவு வந்துவிட்டதாக நினைக்கிறார். ஆனால் ஒரே செடியின் பத்துப் பூக்கள் ஒரே வேரில், ஒரே மண்ணில், ஒரே வெயிலில் வளர்ந்தவை. அவை தனித்தனிச் சாட்சிகள் இல்லை. உண்மையான மாதிரி எண்ணிக்கை 4-க்கு 4. தேர்வாளர் முதல் கேள்வியிலேயே இதைத் தொடுவார். அதே 80 பூவை 40 செடியில் இரண்டிரண்டாக எண்ணியிருந்தால் அதே உழைப்பில் வலுவான ஆய்வு கிடைத்திருக்கும்.

எத்தனை மாதிரி வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். இரு குழுக்களுக்கிடையே நடுத்தர அளவு வித்தியாசத்தை (அதாவது தரவின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கத்தில் பாதி) 80 விழுக்காடு நிச்சயத்தோடு பிடிக்கக் குழுவுக்கு 64 வேண்டும். வித்தியாசம் பெரிதாக, திட்ட விலக்கத்தில் 0.8 பங்கு இருந்தால் 26 போதும். இந்தக் கணக்கைத் தரவு சேர்த்த பிறகு செய்பவர்கள்தான் அதிகம். அப்போது அது பயன்படாது.

இன்னொன்று: எழுதும் நேரம். மார்ச் வரை ஆய்வகத்தில் இருந்துவிட்டு ஏப்ரலில் எழுதலாம் என்று நினைப்பார்கள். முறைகள் பகுதியை டிசம்பரிலேயே, கை நினைவில் இருக்கும்போதே எழுதுங்கள்.

நான்காம் ஆண்டு ஆய்வை மொரீஷியஸிலேயே செய்ய முடியுமா?

முடியும். காலமும் ஒத்துவருகிறது: அங்கே அக்டோபர் முதல் மார்ச் வரை குளிர்காலம், இங்கே அது கோடை, வல்லூறு கூடு கட்டுவதும் அந்தக் காலத்தில்தான். ஆனால் அதே மாதங்களில் புயலும் வரும். களநாள் 30 என்று திட்டமிட்டால் 20 கிடைக்கும் என்று வைத்து வடிவமைக்க வேண்டும்.

பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவுக்குள் எந்த வேலைக்கும் தேசியப் பூங்கா மற்றும் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும். காப்புக் காடுகளுக்கு வனத்துறை. இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆய்வு தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். இலை, இறகு, இரத்தம் என்று எதையும் பிரிட்டனுக்கு எடுத்துப்போக ஏற்றுமதி அனுமதி வேண்டும். அழியும் இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்பாட்டின் பட்டியலில் உள்ள இனமானால் அதன் அனுமதியும். மரபணு வளங்களைப் பற்றிய நகோயா ஒப்பந்தத்தின் விதிகளும் பொருந்தும் என்பதால் பல்கலைக்கழகம் அந்தத் தாள்களைக் கேட்கும். ‘நான் இந்த ஊர்க்காரன்தானே’ என்று ஒரு குழாயைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போவது சட்ட மீறல்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் மாதிரியே எடுக்காத ஆய்வைத் தேர்ந்தெடுக்கலாம். பாம்பூ மலைத்தொடரில் 1980-களின் இறுதியில் வல்லூறுகளை மீண்டும் விட்டதிலிருந்து, பறவைகளுக்கு வளையமிட்டு வைத்த பதிவுகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. அத்தகைய நீண்ட காலத் தரவைக் கையாளும் குழுவோடு உங்கள் வழிகாட்டிக்குத் தொடர்பு இருந்தால், ரெதுயியில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்திலோ பிரிட்டனின் ரீடிங்கிலோ உட்கார்ந்து கணினியிலேயே நல்ல ஆய்வு செய்யலாம்.

நான்காம் ஆண்டுக்கு உண்மையில் எவ்வளவு செலவு?

‘அரசுக் கடன் நான்காண்டையும் மூடிவிடும், ஆகவே ஒருங்கிணைந்த படிப்பு மலிவு’ என்று பிரிட்டன் கட்டுரைகளில் படிப்பீர்கள். அது அந்நாட்டு மாணவருக்கு. நாம் நான்கு ஆண்டும் சர்வதேசக் கட்டணம் கட்டுகிறோம். ஆய்வகப் பாடமாதலால் பல இடங்களில் அது ஆண்டுக்கு 25,000 பவுண்டைத் தாண்டும்.

கட்டணம் ஆண்டுதோறும் ஏறுமா, சேரும்போது உள்ளபடியே நிற்குமா என்று முதலில் கேளுங்கள். உதாரணமாக, முதலாண்டு 28,000, ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏற்றம் என்றால், நான்காம் ஆண்டு ஏறத்தாழ 31,500. நான்கும் சேர்ந்து 1,18,900 பவுண்டு. இதோடு மாணவர்களுக்கான சுகாதாரக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. அதை விசா விண்ணப்பத்தோடு மொத்தமாக முன்பே கட்ட வேண்டும். வாழ்க்கைச் செலவுக்கான பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்ததைக் காட்ட வேண்டும். 27-ஆம் நாள் ஒரு முறை தொகை குறைந்தாலும் விண்ணப்பம் மறுக்கப்படலாம் என்பதால், அந்தக் கணக்கிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்காதீர்கள்.

ரூபாய் மதிப்பு சரிந்தால் நான்காம் ஆண்டுதான் அதிகம் அடிபடும். கடைசி ஆண்டுக்கான தொகையில் பத்து விழுக்காடு கூடுதலாக ஒதுக்கி வைப்பது நல்லது.

தனியாக ஓராண்டு எம்.எஸ்சி. படிப்பதைவிட இது மேலா?

எங்கே போகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பிரிட்டனில் முனைவர் பட்டத்துக்கு ஒருங்கிணைந்த முதுநிலை முழுமையாகச் செல்லும். உயிரியலில் நல்ல ஆய்வு அனுபவம் உள்ள பி.எஸ்சி. மாணவரையும் நேராக எடுப்பதுண்டு. அதற்கான போட்டியில் ஓராண்டு ஆய்வு செய்தவரின் கை ஓங்கும். அரசு ஆராய்ச்சி மன்றங்கள் நிதி தரும் இடங்களில் 30 விழுக்காடு வரை வெளிநாட்டு மாணவருக்குத் தரலாம் என்ற விதி 2021 முதல் இருக்கிறது.

ஐரோப்பாவுக்குப் போவதானால் கவனம் தேவை. பிரிட்டன் கிரெடிட் இரண்டு, ஐரோப்பியக் கிரெடிட் ஒன்று. ஆகவே 480 என்பது அங்கே 240. ரெயூனியனிலோ பிரான்ஸிலோ லிசான்ஸ் (இளநிலை) மூன்றாண்டு, மாஸ்டர் (முதுநிலை) இரண்டாண்டு, ஆக 300. பி.எஸ்சி.யும் தனி எம்.எஸ்சி.யும் சேர்ந்தால் 360-உம் 180-உம் சேர்ந்து 540, அதாவது 270. சில ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் முனைவர் சேர்க்கைக்கு 300 என்று எண்ணிப் பார்க்கின்றன. அந்தத் திசை உங்கள் மனத்தில் இருந்தால், நான்காண்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்த இடங்களிடம் கேளுங்கள்.

உதவித்தொகை இன்னொரு காரணம். பிரிட்டன் அரசின் செவனிங் போன்றவை தனி எம்.எஸ்சி.க்குத் தருபவை, செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், அதாவது ஏறத்தாழ இரண்டாண்டு. ஒருங்கிணைந்த படிப்பின் நான்காம் ஆண்டுக்கு அந்தப் பணம் வராது. வீட்டுப் பணம் மூன்றாண்டுக்குத்தான் தாங்கும் என்றால், பி.எஸ்சி. முடித்து, ஊரில் இரண்டாண்டு வேலை செய்து, பிறகு உதவித்தொகையோடு எம்.எஸ்சி.க்குப் போவது மிகவும் மரியாதையான வழி. கடன் வாங்கி நான்காம் ஆண்டை முடிக்கச் சொல்லி யாரையும் நாங்கள் ஊக்குவிக்க மாட்டோம்.

படித்த பிறகு பிரிட்டனில் தங்கி வேலை செய்யலாமா?

பட்டதாரி விசா உண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அதன் காலம் இரண்டாண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. இளநிலையோ முதுநிலையோ, காலம் ஒன்றுதான். இதற்காக நான்காம் ஆண்டு படிக்க வேண்டியதில்லை.

ஊர் திரும்பினால் வேலை எங்கே?

கரும்பு ஆராய்ச்சி, அல்பியோனில் மீன்வள ஆய்வு, கடலியல் நிறுவனம், மருத்துவமனை ஆய்வகங்கள், காட்டுயிர் பாதுகாப்பு அமைப்புகள், கல்லூரி ஆசிரியப் பணி. 2020-இல் வாகாஷியோ கப்பல் தரைதட்டி எண்ணெய் கசிந்த பிறகு, கடற்கரைச் சூழலைக் கண்காணிக்கத் தெரிந்தவர்களின் தேவையை நாடே உணர்ந்தது. ஆனால் இடங்கள் குறைவு. எந்த ஆண்டு எது திறக்கும் என்று சொல்ல முடியாது.

அரசுப் பணிக்குப் பட்டச் சமநிலைச் சான்று கேட்கலாம். பல பல்கலைக்கழகங்கள் ஒருங்கிணைந்த படிப்பின் முடிவில் ஒரே சான்றிதழ்தான் தரும். விளம்பரத்தில் ‘பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும்’ என்று இருந்தால் குழப்பம் வரும். முடிக்கும்போதே, இது நிலை 7 பட்டம், 480 கிரெடிட், பி.எஸ்சி. ஆனர்ஸை உள்ளடக்கியது என்று பல்கலைக்கழகத்திடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். வாங்க ஒரு நாள். ஐந்தாண்டு கழித்துக் கேட்டால் மாதங்கள்.

மருத்துவம் கிடைக்கவில்லை. உயிரியல் படித்துவிட்டுப் பிறகு மருத்துவத்துக்கு மாறலாமா?

அந்த எண்ணத்தோடு உயிரியலில் சேர வேண்டாம். பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவப் படிப்பு பிரிட்டனில் உண்டு. ஆனால் வெளிநாட்டு மாணவரை எடுக்கும் இடங்கள் மிகக் குறைவு, போட்டி மிகக் கடுமை. அதற்கும் பி.எஸ்சி. போதும். மனம் மருத்துவத்தில் இருக்கும் பிள்ளையை வேறு பாடத்தில் மூன்றாண்டு காத்திருக்க வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

நடுவில் முடியாமல் போனால்?

மூன்றாம் ஆண்டு முடித்திருந்தால் பெரும்பாலும் பி.எஸ்சி.யோடு வெளியேறலாம். நான்காம் ஆண்டில் தேறாவிட்டாலும் அதே. ஆனால் படிப்பின் முடிவு நாள் மாறியதைப் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவிக்கும்; விசா காலம் சுருங்கும். முடிவெடுக்கும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மொரீஷியஸ் பல்கலைக்கழகத்திலேயே இளநிலை படித்தால் பின்தங்கிவிடுவோமா?

இல்லை. 2019 முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் முழுநேர இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ரெதுயியில் படித்து, விடுமுறைகளில் காட்டுக்கோ ஆய்வகத்துக்கோ போய்க் கை பழகி, முதுநிலைக்கு மட்டும் வெளியே போனால், மூன்றாண்டு வெளிநாட்டுக் கட்டணம் மிச்சம். இந்தத் தீவின் தாவரங்களையும் பறவைகளையும் இங்கேயே படித்த மாணவருக்கு இருக்கும் பழக்கம் வெளியே படித்தவருக்கு எளிதில் வராது.

எச்.எஸ்.சி. முடிந்து செப்டம்பர் வரை பத்து மாதம் என்ன செய்வது?

பாதுகாப்பு அமைப்புகளில் தன்னார்வலராகச் சேர முயலுங்கள். மஹேபூருக்கு எதிரே உள்ள இல்-ஓ-எக்ரெத் தீவில் களையெடுப்பதும் நாற்று நடுவதும் இருக்கும். சாதாரண வேலைபோலத் தோன்றும், ஆனால் ஒரு காட்டை மீட்பது எத்தனை மெதுவான வேலை என்பது அங்கேதான் புரியும். ஒரு குறிப்பேடு வையுங்கள்: தேதி, இடம், வானிலை, பார்த்தது, எத்தனை. வாரம் மூன்று மணி நேரம் ஆர் மொழிக்கு. அதற்குத் தரவு வேண்டுமே என்று தேட வேண்டாம். வீட்டு விளக்கடியில் இரவு ஏழு மணிக்கு எத்தனை பல்லி என்று இரண்டு மாதம் எண்ணி, மழை பெய்த நாளையும் பெய்யாத நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த இரவுகளில் வருவது அதே பல்லிதானா என்ற சந்தேகம் உங்களுக்கே எழும். அதை எப்படித் தீர்ப்பது என்று எழுதிவைத்துக்கொண்டு முதல் வகுப்புக்குப் போங்கள்.